ஏபிஎஸ், விஎஸ்சி, ஏஎஸ்ஏ விளக்கு எரிந்தால்: தோட்டப்புறக் கார்களுக்குப் பழுது பார்க்கும் வரிசை

பேராக் மாநிலத்தின் சுங்காய், பீடோர், தாப்பா பக்கத்தில் ஓடும் கார்களுக்குப் பாதி ஓட்டம் தார்ச்சாலையில், பாதி ஓட்டம் செம்பனைத் தோட்டத்துச் செம்மண்ணில். இங்கே மீட்டர் விளக்குகளை எரிய வைப்பவை பெரும்பாலும் சேறு, எலி, மழைத்தண்ணீர், பழைய பேட்டரி. கம்ப்யூட்டர் பெட்டி கெட்டுப்போவது அபூர்வம். ஆனால் விளக்கு எரிகிறது என்று போய் நின்றால் முதலில் காதில் விழுவது அந்தப் பெட்டியின் விலைதான். கீழே உள்ள வரிசை செலவில்லாத சோதனையில் தொடங்கி, காசு போகும் இடத்தில் முடிகிறது.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். முன்னால் பார்ப்பது கேமராவோ ரேடாரோ. பிரேக் போட்டுக் கொடுப்பது ஏபிஎஸ் பம்ப். ஸ்டியரிங்கைத் திருப்புவது இபிஎஸ் மோட்டார். அதனால் சக்கர வேகத்தை அளக்கும் வீல் சென்சார் ஒன்றே ஒன்று போனாலும், பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ், வழுக்கலைத் தடுக்கும் விஎஸ்சி, முன்மோதல் தடுக்கும் ஏஎஸ்ஏ, வேகத்தை ஒரே அளவில் பிடித்து வைக்கும் க்ரூஸ், மேட்டில் பிடித்து நிற்கும் வசதி எல்லாம் ஒன்றாக ஒதுங்கிக்கொள்ளும். ஐந்து விளக்கு எரிந்தால் ஐந்து பழுது என்று அர்த்தமில்லை. பெரோடுவாவில் விஎஸ்சி, ஹோண்டாவில் விஎஸ்ஏ, புரோட்டோனில் இஎஸ்சி. பெயர்தான் வேறு, வேலை ஒன்றே.

கையில் இருக்க வேண்டியவை: டயர் காற்று மீட்டர், மல்டிமீட்டர், ஏபிஎஸ் கோடு (பழுதுக் குறியீடு) படிக்கும் ஸ்கேனர். இன்ஜின் கோடு மட்டும் படிக்கும் மலிவான புளூடூத் ஸ்கேனர் இந்த வேலைக்கு உதவாது. கோடுகளை அழிக்கும் முன் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். அழித்துவிட்டு ஒர்க்‌ஷாப் போனால் ஃபோர்மன் முதலிலிருந்து தேட வேண்டும், அந்த நேரத்துக்கும் நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது: சிவப்பா, மஞ்சளா?

மஞ்சள் ஏபிஎஸ் விளக்கோடு சிவப்பு பிரேக் விளக்கும் எரிகிறதா? ஹேண்ட்பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா பாருங்கள். இறங்கியிருந்தால் பிரேக் எண்ணெய் டப்பாவைப் பாருங்கள். எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருந்தால் பேட் தேய்ந்திருக்கும், அல்லது எங்கோ கசிகிறது. காரணம் தெரியாமல் எண்ணெய் மட்டும் ஊற்றிவிட்டு ஓட்டாதீர்கள். எண்ணெய் சரியாக இருந்தும் இரண்டு விளக்கும் எரிந்தால், பின்சக்கர பிரேக்கை அளவோடு பிடிக்க வைக்கும் இபிடியும் நின்றுவிட்டது என்று பொருள். அழுத்தி மிதித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு கார் சுழலலாம். அங்கேயே நிறுத்தி இழுவை லோரியைக் கூப்பிடுங்கள்.

மஞ்சள் மட்டும் என்றால் சாதாரண பிரேக் வேலை செய்யும். இடைவெளி விட்டு மெதுவாக வீடு வரலாம்.

அறிகுறி 1: சாவி போட்டதும் மீட்டரில் தீபாவளி

ஏபிஎஸ், விஎஸ்சி, இபிஎஸ், ஏஎஸ்ஏ எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்து, ஸ்டார்ட் ஆன பிறகும் அணையவில்லை. முதல் சந்தேகம் பேட்டரி.

இரவு முழுக்க நின்ற காரில் பேட்டரி முனைகளை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லி அளக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி முடிந்தது. ஓடும் இன்ஜினில் 13.5 முதல் 14.7 வரை வர வேண்டும். சில புதிய கார்கள் தேவையில்லாத நேரத்தில் சார்ஜைக் குறைத்துக்கொள்ளும், ஆகவே ஹெட்லைட்டும் ஏர்கோனும் போட்டபின் அளந்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். நம் வெயிலில் இரண்டு வருடம் தாண்டிய பேட்டரியைத் தாராளமாகச் சந்தேகப்படலாம்.

வோல்ட் சரியாக இருந்தால் முனைகளைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் 10 மி.மீ. ஸ்பேனர் போதும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கழற்றி, சுடுதண்ணீர் ஊற்றி, பிரஷால் தேய்த்து, காயவைத்து இறுக்குங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மைனஸ் ஒயர் பாடியில் சேரும் போல்ட்டையும் பாருங்கள். அதைப் பலரும் மறந்துவிடுவார்கள். சிக்னலில் நின்றதும் இன்ஜின் அணையும் இகோ ஐடில் காருக்கு இஎஃப்பி வகை பேட்டரிதான் போட வேண்டும். சாதாரண பேட்டரி போட்டால் சில மாதங்களில் இதே விளக்குகளோடு திரும்பி வருவீர்கள்.

*பேட்டரி மாற்றியபின்தான் விளக்கு வந்ததா?* ஸ்டியரிங்கை இடது கோடி வரை, வலது கோடி வரை ஒருமுறை திருப்பி, நேராகச் சிறிது தூரம் ஓட்டுங்கள். பல கார்களில் விளக்கு தானே அணையும். அணையவில்லை என்றால் அறிகுறி 4-க்குப் போங்கள்.

*செக் இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிகிறதா?* முதலில் இன்ஜின் கோடு. இன்ஜினில் குறை இருந்தால் விஎஸ்சியையும் ஏஎஸ்ஏயையும் தானே அணைத்துவிடும் கார்கள் நிறைய. கெட்டது இக்னிஷன் காயில், திட்டு வாங்குவது ஏபிஎஸ் பம்ப்!

*மழையில் தண்ணீர் ஏறிய பிறகா? பல நாள் ஓடாமல் நின்ற பிறகா?* பானட்டைத் திறந்து எலிப்புழுக்கையும் நார்க்கூடும் தேடுங்கள். செம்பனை அருகே நிறுத்தும் காரில் எலி ஒயரைக் கடிப்பது சாதாரணம். பேட்டரித் தட்டின் அடிப்பக்கம், ஃபியூஸ் பெட்டியின் பின்புறம், முன் மட்கார்டின் உள்பிளாஸ்டிக்குக்குப் பின்னால் பாருங்கள். பிறகு ஏபிஎஸ் ஃபியூஸ்கள். பம்ப் மோட்டாருக்கானது வழக்கமாக 30 அல்லது 40 ஆம்பியர். கருகியிருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போட்டுப் பாருங்கள். மறுபடியும் கருகினால் நிறுத்திக்கொள்ளுங்கள். பெரிய ஃபியூஸ் போட்டால் ஒயர் எரியும்.

*ஸ்கேனரில் யூ என்று தொடங்கும் கோடு பலவா?* யூ0121 என்றால் மற்ற பெட்டிகளுக்கு ஏபிஎஸ் பெட்டியின் பேச்சு கேட்கவில்லை. யூ0126 என்றால் ஸ்டியரிங் கோண சென்சாரின் பேச்சு கேட்கவில்லை. பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் மாட்டும் ஓபிடி பிளக்கின் 6-ஆம், 14-ஆம் துளைகளுக்கு நடுவே ஓம் அளவு எடுங்கள். 60 ஓம் அருகே வந்தால் பெட்டிகள் பேசிக்கொள்ளும் அந்தக் கேன் ஒயர் ஜோடி நல்லது. 120 வந்தால் எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்ஜியத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இதற்கு மேல் வயரிங் ஆளின் வேலை.

அறிகுறி 2: ஸ்டார்ட் ஆகும்போது சரி, கொஞ்ச தூரம் ஓடியதும் ஏபிஎஸ்சும் விஎஸ்சியும் எரிகின்றன

தோட்டப்பாதை கார்களில் மிக அதிகம் வருவது இதுதான். கிட்டத்தட்ட எப்போதும் வீல் சென்சார், அல்லது அது பார்க்கும் வளையம்.

எந்தச் சக்கரம் என்று கோடு சொல்லிவிடும். பொதுப் பட்டியலில் சி0035 முன் இடது, சி0040 முன் வலது, சி0045 பின் இடது, சி0050 பின் வலது. டொயோட்டாவில் சி0200 முன் வலது, சி0205 முன் இடது, சி0210 பின் வலது, சி0215 பின் இடது. இடது வலது என்பது டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும் கணக்கு. காருக்கு முன்னால் நின்றுகொண்டு தப்பான பக்கத்தைக் கழற்றுவது தினமும் நடக்கிறது.

காரைச் சிமெண்ட் தரையில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கி தூக்கி, ஸ்டாண்டு வைத்த பிறகே கை வையுங்கள். செம்மண் தரையில் ஜாக்கி இறங்கும்.

முதலில் தண்ணீர் அடியுங்கள். சக்கரத்தின் பின்புறம் காய்ந்த செம்மண் சிமெண்ட் மாதிரி கட்டிப்பிடித்திருக்கும். ஹை பிரஷர் துப்பாக்கியை நேராக பேரிங் சீலில் பிடிக்காதீர்கள், உள்ளே தண்ணீர் போய்விடும். ஒரு சின்ன கம்பாலும் பிரஷாலும் சுரண்டிக் கழுவினால் போதும். பழுதுக் கோடுகளை அழித்து ஓட்டிப் பாருங்கள். பல கார்கள் இதோடு சரியாகிவிடும்.

அடுத்தது ஒயர். சென்சாரிலிருந்து பாடிக்குப் போகும் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். முன்சக்கரத்தில் ஸ்டியரிங் திரும்பும்போது மடியும் இடத்தில் தோல் நல்லபடி தெரியும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். ரப்பர் பிடிப்பான் கிளிப்பை விட்டு வெளியே வந்திருந்தால் ஒயர் டயரில் உரசும். பிளக்கைக் கழற்றிப் பச்சை படிந்திருக்கிறதா பாருங்கள். கான்டாக்ட் கிளீனர் அடித்து, முழுதாகக் காயவைத்து மாட்டுங்கள். அறுந்த ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது இங்கே ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. பற்றவைத்து, பசை உள்ள சுருங்கு குழாய் போடுங்கள். மடியும் இடத்தில் அறுந்திருந்தால் ஒட்டுப் போடாமல் ஒயரோடு சென்சாரை மாற்றுவதுதான் நல்லது.

பிறகு சென்சார். இதில் இரண்டு வகை. பழைய சுருள் வகை என்றால் பிளக்கைக் கழற்றி ஓம் அளந்தால் சுமார் 800 முதல் 2500 வரை காட்டும். சக்கரத்தைக் கையால் நொடிக்கு ஒரு சுற்று சுற்றி ஏசி வோல்ட் பார்த்தால் சிறிதளவாவது அசைய வேண்டும். புதிய கார்களில் இருப்பது மின்சாரம் வாங்கி வேலை செய்யும் வகை. அதை ஓம் மீட்டரால் சோதிக்க முடியாது; வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. அங்கே பிளக்கின் ஒயர் பக்கத்தில் சப்ளை வருகிறதா என்று பாருங்கள். குறையைப் பார்த்ததும் சப்ளையை நிறுத்திவிடும் பெட்டிகள் உண்டு, ஆகவே சாவியை அணைத்துப் போட்ட உடனே அளக்க வேண்டும். சப்ளை வந்தும் ஸ்கேனரின் நேரலை வேகத்தில் அந்தச் சக்கரம் பூஜ்ஜியமாகவே நின்றால் சென்சார் அல்லது வளையம்.

சென்சாரைப் பிடித்திருப்பது வழக்கமாக ஒரே ஒரு சின்ன போல்ட். போல்ட் சுலபமாக வரும், சென்சார் வராது. துரு பிடித்து இறுகியிருக்கும். ஊடுருவும் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, இடவலமாகத் திருகி எடுங்கள். சுத்தியால் தட்டினால் தலை உள்ளேயே உடைந்துவிடும். புதிய சென்சார் கையில் இல்லாமல் கழற்றத் தொடங்காதீர்கள். குழியின் துருவைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டுப் புதியதை மாட்டுங்கள். துரு அடியில் இருந்தால் சென்சார் அரை மி.மீ. தூக்கி நின்று, வேகம் குறையும்போது சிக்னல் விட்டுப்போகும்.

*சமீபத்தில் பேரிங் மாற்றினீர்களா?* கேள்வியே வேண்டாம், அங்கேதான் போங்கள். புதிய கார்களில் காந்த வளையம் பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே இருக்கிறது. அந்தப் பக்கம் சென்சாரைப் பார்க்க வேண்டும். திருப்பி அடித்தால் சிக்னல் வராது. பேரிங்கைக் கழற்றினால் பெரும்பாலும் அது வீண். மாட்டும் முன் இரும்புத்தூளோ காந்தம் காட்டும் அட்டையோ வைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் வளையம் என்று கோடுகோடாகத் தெரியும். காந்தத் தட்டில் பேரிங்கை வைப்பதும் வளையத்தைக் கெடுக்கும்.

அறிகுறி 3: விளக்கு எதுவும் இல்லை, நிற்கப்போகும் நேரத்தில் பிரேக் பெடல் நடுங்குகிறது

காய்ந்த தார்ச்சாலையில், மெதுவாக மிதித்து, கார் நிற்க ஓர் அடி இருக்கும்போது காலுக்கடியில் கரகர என்று ஏபிஎஸ் வேலை செய்கிறது. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் கார் வழுக்கிப் போகும். விளக்கு எரியாததால் பலரும் டிஸ்க் கடைந்து, பேட் மாற்றிக் காசை விடுவார்கள்.

நடப்பது இதுதான். குறைந்த வேகத்தில் ஒரு சக்கரத்தின் சிக்னல் மற்றவற்றுக்கு முன்னால் பூஜ்ஜியமாகிறது. அந்தச் சக்கரம் பூட்டிக்கொண்டது என்று பெட்டி நினைக்கிறது. ஸ்கேனரில் நான்கு சக்கர வேகத்தையும் வரைபடமாக வைத்து, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 20 கி.மீ. வேகத்திலிருந்து மெதுவாக நிறுத்தும்போது எந்தக் கோடு முதலில் விழுகிறதோ, அங்கே அறிகுறி 2-இன் வேலைகளைச் செய்யுங்கள். வளையத்தில் ஒட்டிய இரும்புத்தூள், டிரைவ் ஷாஃப்ட் பல் வளையத்தில் துரு அல்லது வெடிப்பு, ஆட்டம் கண்ட பேரிங் என்ற வரிசையில் தேடுங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் சக்கரம் ஆடுகிறது என்றால் சென்சாரை வாங்க வேண்டாம். பேரிங் கடைக்குப் போங்கள்.

அறிகுறி 4: வளைவில் விஎஸ்சி மின்னுகிறது, கார் தானே பிரேக் போடுகிறது

தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறும் வளைவுகளில், வேகமே இல்லாமல் போகும்போதும் விளக்கு மின்னினால் காரணம் டயராகவோ, ஸ்டியரிங் கோணமாகவோ இருக்கும்.

நான்கு டயரின் பக்கத்தில் உள்ள அளவைப் படியுங்கள். ஒன்று வேறு அளவாகவோ, இரண்டு புதிதாக இரண்டு மொட்டையாகவோ இருந்தால் சுற்றளவு மாறும். சுற்றும் வேகம் மாறினால் வழுக்குகிறது என்று கார் நினைத்துக்கொள்ளும். காற்று டிரைவர் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் உள்ள அளவு இருக்க வேண்டும். பெட்ரோல் ஸ்டேஷன் பம்பில் 230 கேபிஏ என்றால் சுமார் 33 பிஎஸ்ஐ.

அடுத்து, நேரான சாலையில் ஸ்டியரிங் கோணலாக நிற்கிறதா? அலைன்மென்ட் கடையில் சக்கரத்தைச் சரிசெய்துவிட்டு, ஸ்டியரிங் கோண சென்சாரைப் பூஜ்ஜியம் வைக்காமல் அனுப்பினால் இப்படி வரும். ஸ்கேனரில், நேராக ஓடும்போது கோணம் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டும். சில பாகை விலகினாலே அலைன்மென்ட் பார்த்து, பிறகு பூஜ்ஜியம் வைக்கச் சொல்லுங்கள். வரிசை முக்கியம்: அலைன்மென்ட் முன்னால், பூஜ்ஜியம் பின்னால்.

அதுவும் சரி என்றால் கார் சுழற்சியை அளக்கும் சென்சார். பல கார்களில் அது நடுக்கன்சோலுக்கு அடியில் இருக்கிறது. சீட், கார்பெட், கன்சோல் கழற்றிய வேலை ஏதாவது நடந்ததா, தேத்தாரிக் எப்போதாவது கொட்டியதா என்று நினைத்துப் பாருங்கள். அதைச் சமதரையில் வைத்துத்தான் பூஜ்ஜியம் செய்ய வேண்டும். சரிவான ஐந்தடி சந்தில் செய்தால் பழுது புதிதாகப் பிறக்கும்.

அறிகுறி 5: ஏஎஸ்ஏ விளக்கு மட்டும் எரிகிறது

கொட்டும் மழை, காலை மூடுபனி, நேர் எதிர் வெயில் என்றால் இது பழுதல்ல, கேமராவுக்குக் கண் தெரியவில்லை. வெட்டவெளியில் நின்ற கார் என்றால் கேமரா சூடேறியிருக்கும். ஏர்கோன் போட்டுக் கண்ணாடி குளிர்ந்ததும் அணையும்.

அணையவில்லையா? கேமராவுக்கு முன்னால் உள்ள கண்ணாடியை வெளியில் துடையுங்கள், வைப்பர் ரப்பரை மாற்றுங்கள். உள்பக்கம் படியும் மங்கலான படலமும் காரணமாகும். ஆனால் கேமரா உறையைக் கழற்றாதீர்கள், லென்ஸைத் தொடாதீர்கள். அசைந்தால் மறுபடி அளவு வைக்க (கேலிப்ரேஷன் செய்ய) வேண்டிவரும். டேஷ்கேம், டோல் ஆர்எஃப்ஐடி ஸ்டிக்கர், தொங்கும் மாலை எல்லாம் கேமராவின் பார்வையை விட்டு விலகியிருக்க வேண்டும். டின்டெட் ஒட்டியிருந்தால் கேமராவின் முன்னால் வெட்டி விடப்பட்டிருக்கிறதா பாருங்கள். முன்கண்ணாடி 70 விழுக்காடு ஒளியை உள்ளே விட வேண்டும் என்பது ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) விதி. ஆனால் விதிக்கு உட்பட்ட ஃபிலிமும் கேமராவை மறைத்தால் தொல்லைதான்.

*கண்ணாடி மாற்றிய பிறகா?* இதற்கு வீட்டில் வழி இல்லை. கேமராவை அளவு வைக்கச் சமதரை, குறி பலகை, அந்தக் காருக்குரிய ஸ்கேனர் வேண்டும். சில கார்களில் தெளிவான கோடு உள்ள சாலையில் ஓட்டி அளவு வைக்க வேண்டும். அதற்கு இங்கிருந்து பிளஸ் நெடுஞ்சாலைதான் சரி. போகும் முன் நான்கு டயரிலும் காற்று சரி செய்து, பின்பக்கச் சாமான் பெட்டியைக் காலி செய்யுங்கள். கண்ணாடிக்குத் தனிக் காப்புறுதி எடுத்திருந்தால், அளவு வைக்கும் செலவும் அதில் அடங்குமா என்பதைக் கண்ணாடி மாற்றும் முன்பே கேளுங்கள்.

அறிகுறி 6: ஒன்றுமே இல்லாத இடத்தில் அலறுகிறது, பிரேக் போடுகிறது

தோட்டப்பாதையில் சாலைக்குள் தொங்கும் மட்டை, வளைவில் ஓரம் கட்டிய லோரி, இரும்புத் தடுப்புக் கம்பம் ஆகியவற்றுக்குக் கத்துவது இயல்பு. திறந்த நெடுஞ்சாலையில் கத்தினால் தேடத்தான் வேண்டும்.

பின்னால் சுமை இருக்கிறதா? 50 கிலோ உர மூட்டை ஆறு ஏற்றினால் 300 கிலோ. பின்பக்கம் அமுங்கி, கேமராவும் ரேடாரும் வானத்தைப் பார்க்கும். சுமையை இறக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஸ்பிரிங் தாழ்த்திய கார், தேய்ந்த பின் ஸ்பிரிங் உள்ள கார் எல்லாம் இதே கணக்கு.

முன் கிரில்லிலோ பம்பரின் கீழோ ரேடார் உள்ள காரில் சேற்றைக் கழுவுங்கள். கூடுதல் விளக்கு, பெரிய நம்பர் பிளேட் சட்டம், புல் பார் இருந்தால் கழற்றிப் பாருங்கள். பம்பர் இடிபட்டுச் சரிசெய்ததா? ரேடார் ஒரு பாகை திரும்பினாலே 100 மீட்டரில் ஒன்றே முக்கால் மீட்டர் தள்ளிப் பார்க்கும், அதாவது பக்கத்துத் தடத்தில் போகும் காரை உங்கள் தடத்தில் இருப்பதாக எண்ணும். பின் பம்பர் மூலைகளில் மறைபகுதி ரேடார் உள்ள கார் என்றால் அங்கே புட்டி பூசியிருக்கக் கூடாது. புட்டி பூசிய இடத்துக்கு அளவு வைத்துப் பயனில்லை, பம்பரை மாற்ற வேண்டும்.

அறிகுறி 7: தடம் பிடிக்கும் வசதி வேலை செய்யவில்லை

கோடு இல்லாத சாலையில் வேலை செய்யாது. குறைந்த வேகத்திலும் செய்யாது. நெடுஞ்சாலையில் செய்தால் கார் நல்லது. அங்கே ஒரு பக்கமாகவே இழுத்தால் காற்று, அலைன்மென்ட், பிறகு கேமரா அளவு.

அறிகுறி 8: க்ரூஸ் செட் ஆகவில்லை, மேட்டில் பிடிக்கும் வசதியும் போனது

பார்க்க வேண்டியது பிரேக் பெடலுக்கு மேலே உள்ள பிரேக் விளக்கு ஸ்விட்ச். ஒருவரைப் பின்னால் நிற்க வைத்து மிதியுங்கள். விளக்கு எரியாமலோ, மிதிக்காமலே எரிந்தோ, விட்டுவிட்டு எரிந்தோ இருந்தால் ஸ்விட்சை மாற்றுங்கள். இந்தப் பட்டியலிலேயே மிக மலிவான பாகம் இது. பொருந்தாத எல்இடி பல்பு போட்டிருந்தால் முதலில் பழைய பல்பை மாட்டிப் பாருங்கள்.

அறிகுறி 9: சேற்றில் ஆக்சிலரேட்டர் மிதித்தாலும் இழுக்கவில்லை

பழுதல்ல. சக்கரம் சுழல்வதைப் பார்த்து இழுவைக் கட்டுப்பாடு இன்ஜினை அடக்குகிறது. விஎஸ்சி ஆஃப் பட்டனை அழுத்தி வெளியே வாருங்கள், தார்ச்சாலை ஏறியதும் திரும்பப் போடுங்கள். மீட்டரில் விஎஸ்சி ஆஃப் என்பது மட்டும் நின்றால் பெரும்பாலும் யாரோ பட்டனைத் தொட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

ஏபிஎஸ் பம்பையே மாற்றச் சொன்னால்

கையெழுத்துப் போடும் முன் நான்கு கேள்வி: எந்தக் கோடு? பம்பின் பிளக்கில் சப்ளையும் எர்த்தும் சுமை கொடுத்து அளந்தார்களா? நான்கு சக்கர வேகமும் நேரலையில் சரியா? பிளக்கைக் கழற்றி உள்ளே பிரேக் எண்ணெயோ தண்ணீரோ இருக்கிறதா பார்த்தார்களா? இவற்றுக்குப் பதில் இல்லை என்றால் ஈப்போ போய் இன்னொரு கருத்துக் கேட்பது, வீண் பாகத்தைவிட மலிவு.

பழைய கார்களை வெட்டிப் பாகம் விற்கும் ஹாஃப்கட் கடையில் வாங்குவதானால் பாக எண் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒரே மாடல் காரிலும் ஏஎஸ்ஏ உள்ளதற்கு ஒன்று, இல்லாததற்கு வேறொன்று இருக்கும். மாட்டியபின் உங்கள் காருக்குக் கோடிங் செய்ய வேண்டும். பிரேக் குழாயில் சிக்கிய காற்றை எடுக்கும்போது ஸ்கேனரால் பம்பை ஓடவிட வேண்டும், வெறும் காலால் மிதித்து எடுத்தால் பெடல் பஞ்சு போல இருக்கும். கோடிங் செய்து தருவதாக விற்பவரோ மாட்டுபவரோ ஒப்புக்கொண்ட பிறகு காசைக் கொடுங்கள்.